மாலை ஓட்டத்து மைலேஜ்

"நிறுத்துங்க அண்ணா! மொதல்ல பைப்ப வெளிய எடுங்க!"

மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள் மஞ்சுளா. மூன்றாம் பம்ப்பில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த சென்னப்பன் ஒன்றும் புரியாமல் விழித்தார். அவருக்கு முன்னால் ஒரு கார். தரையோடு ஒட்டிக்கொண்டு, இரண்டே இருக்கையோடு, பெயின்ட் அடிக்காத சாம்பல் நிறத்தில்... அதன் பின்பக்கத்தை ஒருவன் இரண்டு கைகளாலும் பிடித்து மேலும் கீழுமாகக் குலுக்கிக்கொண்டிருந்தான். பின்னால் மூன்று லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"என்ன பண்றீங்க நீங்க?"

"டேங்க்ல காத்து நிக்கும் மேடம். குலுக்குனா வெளிய வந்துரும். இன்னும் அரை லிட்டர் பிடிக்கும்."

"பம்ப் தானா நின்னுச்சுன்னா அதோட சரி. இது என்ன சந்தையா, ராகியப் படியில போட்டுக் குலுக்கிக் குலுக்கி அளக்கறதுக்கு?"

அவன் குலுக்குவதை நிறுத்தினான். நிமிர்ந்தான். மழை அவன் நெற்றியில் விழுந்து இமைகளில் தங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ராகி அளக்குதவங்க குலுக்குனா அது ஏமாத்து. நான் குலுக்குதது நேர்மைக்கு."

தெற்கத்திப் பேச்சு. 'குலுக்குதது'... அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் இருக்கும்போது சிரிப்பு வருவது எவ்வளவு பெரிய சங்கடம்! குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்புங்க. பின்னாடி வண்டி நிக்குது."

"கெளம்புனாலும் திரும்ப இங்கதான் வரணும். முதல் டேங்க் எந்த பம்ப்புல நிரப்புனேனோ, அங்கேயேதான் எல்லா டேங்க்கும் நிரப்பணும். மைலேஜ் டெஸ்ட்டோட சட்டம் அது."

"எத்தனை நாளைக்கு?"

"இந்த மாசம் பூரா. ஒரு நாளைக்கு மூணு தடவை."

அவள் குடைக்குள் நின்றபடியே அவனைப் பார்த்தாள். அவன் மழைக்குள் நின்றபடியே அவளைப் பார்த்தான். நான்காவதாக ஒரு லாரியும் வந்து ஹாரன் அடித்தது.

அது 2007 ஆகஸ்ட். சூளகிரிக்குப் பக்கத்தில், புதிதாகப் போட்ட நாலுவழிச் சாலையின் ஓரத்தில், கிருஷ்ணப்பனின் பெட்ரோல் பங்க். அவருடைய மகள்தான் மஞ்சுளா. பி.காம். முடித்துவிட்டுக் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அலுவலக அறையில் பில் போடுகிறாள். ஐந்து மணிக்கு அப்பா வந்து நாற்காலியில் உட்காருவார். அவள் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போவாள். மூன்று வருடங்களாக அவளுடைய நாட்கள் எல்லாமே இந்த அளவுதான்.

அவன் பெயர் மாடசாமி. கோவில்பட்டிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வந்து ஏழு வருடம். சிப்காட் தொழிற்பேட்டையில் இருபது பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். அந்தக் கம்பெனி ஐந்து வருடமாக ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்துகொண்டிருந்தது. வழக்கமாக நிரப்பும் பங்க்கில் அன்று பெட்ரோல் தீர்ந்துவிட, மழையில் இங்கே ஒதுங்கியிருந்தான்.

மறுநாள் வந்தபோது கையில் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் கொண்டுவந்தான்.

"இது எதுக்கு?" என்றாள்.

"தரை கொஞ்சம் சரிவா இருக்கு. கார் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நிக்கணும். நாலு டயருக்கும் அடையாளம் போடப் போறேன்."

"எங்க பங்க்ல கோலம் போடறதுக்கு எங்க அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். 'போட்டுக்கப்பா, ஆனா அளவப் பத்தி மட்டும் குறை சொல்லாத'ன்னாரு."

அப்பா அப்படித்தான். தினமும் காலையில் பங்க் திறக்கும் முன் ஐந்து லிட்டர் பித்தளைக் கேனில் பெட்ரோல் பிடித்து, கழுத்துக் கோட்டுக்குச் சரியாக வருகிறதா என்று பார்ப்பார். ஒரு சொட்டு குறைந்தாலும் அந்த பம்ப் அன்று ஓடாது. பத்து வருடமாக லாரிக்காரர்கள் ஓசூரைத் தாண்டி இங்கே வந்து நிரப்புவது அதற்காகத்தான்.

ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி நடந்தது. காலை ஒன்பதுக்கு டேங்க்கை நிரப்பிக்கொண்டு தர்மபுரி வரை போய்த் திரும்புவான். நூற்று நாற்பது கிலோமீட்டர். வந்ததும் நிரப்புவான். அப்போது கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்து காரைச் சுற்றி நிற்பார்கள். அவன் தலை நிமிர மாட்டான். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மூன்று மணிக்கு மறுபடி அதே தர்மபுரி. மாலையில் திரும்பி வந்து நிரப்பும்போது மட்டும் தனியாக இருப்பான். பில்லில் அவளிடம் நேரம் எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்டு, சீல் வாங்க அலுவலக அறைக்கு வருவான்.

பத்து நிமிடம்... அவ்வளவுதான்.

"உங்க காரு எதுக்கு ஊளையிடுது?" என்று ஒரு மாலை கேட்டாள்.

"சூப்பர்சார்ஜர். எஞ்சினுக்குள்ள காத்தை ஊதித் திணிக்கும். மெதுவா மிதிச்சா அது பாட்டுக்கு சும்மா இருக்கும், சத்தமே வராது. அழுத்துனா ஊளையிடும். காத்து கூடப் போகும், அதுக்குத் தக்க பெட்ரோலும் கூடப் போகும்."

"அப்புறம் என்னத்துக்கு மைலேஜ் பாக்கறீங்க?"

"அங்கதான் விசயம். இது சின்ன எஞ்சின். சாதாரணமாப் போறப்ப சின்ன எஞ்சினுக்கு உள்ள சாப்பாடுதான் சாப்பிடும். அவசரத்துக்கு மட்டும் பெரிய எஞ்சினா மாறும். வேகமும் இருக்கணும், லிட்டருக்குப் பதினாறும் குடுக்கணும். அதான் எங்க முதலாளியோட கனவு."

"அவசரமே இல்லாதவங்க யாருங்க ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறாங்க?"

ஐந்து வருடமாகக் கம்பெனியில் யாரும் கேட்காத கேள்வி அது. அவன் சிரித்தபோது கண்கள் சிறிதாகி, ஓரத்தில் இரண்டு கோடுகள் விழுந்தன. அன்று ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு அந்த இரண்டு கோடுகள்தான்.

'என்ன ஆச்சு எனக்கு?'

நாலரை ஆனால் காது தானாகவே கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்பிக்கொண்டது. லாரிகளின் உறுமலுக்கு அடியில் மெல்லிய ஊளை ஒன்று கேட்கும். மேம்பாலத்தைத் தாண்டி வருகிறான்... அவள் கை தானாகவே முந்தானையைச் சரிசெய்யும். பிறகு தன் மேலேயே எரிச்சல் வரும். ஒரு மாதம் முடிந்தால் போய்விடப் போகிறவன். கோவில்பட்டிக்காரன். அப்பாவோ, மகளுக்கு வரன் பார்க்கச் சொல்லிக் கெலமங்கலத்தில் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். எதற்கு இந்தப் படபடப்பு?

இரண்டாம் வாரத்தில் அவன் முகம் மாறியது.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"காரு சரியில்ல." பில்லில் கையெழுத்துப் போட்டபடியே சொன்னான். "காலையில பதினாறரை குடுக்கு. சாயங்காலம் பதினாலுதான். அதே காரு, அதே ரோடு, அதே பம்ப்பு. முப்பத்தொண்ணாம் தேதி முதலாளி பெங்களூர்லேர்ந்து வாராரு. பதினாறு வரலன்னா எல்லாத்தயும் மூடிருவாரு. இருபது குடும்பம்..."

"வெயிலா இருக்குமோ?"

"எல்லாம் பாத்துட்டாங்க. எங்க மேனேஜர் அஸ்வின் சார் டயர்லேர்ந்து பெல்ட் வரைக்கும் கழட்டிப் பாத்துட்டாரு. அப்புறம் என்னையக் கேட்டாரு... 'ரெண்டு ஓட்டமும் ஒரே மாதிரிதானே ஓட்டுற?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் கால் மாறாது சார்னு சொன்னேன்." அதைச் சொல்லும்போது அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "அஞ்சு வருசமா அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அவள் பில்லில் சீல் குத்தி நீட்டினாள். மின்விசிறிக் காற்றில் அது படபடத்தது. வாங்கிக்கொண்ட பிறகும் அவன் கிளம்பாமல் நின்றான்.

வழியிலிருக்கும் குந்தாரப்பள்ளியில் சந்தை கூடிய நாளன்று அவன் நேரத்துக்கு வரவில்லை. நாலே முக்கால்... ஐந்து... அப்பா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கெளம்பலயாம்மா?"

"ஒரு பில்லு எண் விட்டுப்போயிருக்குதுப்பா. பாத்துட்டுப் போறேன்."

அப்பா அவளை ஒரு தடவை பார்த்தார். செய்தித்தாளை விரித்தார். ஐந்தேகாலுக்கு ஊளை கேட்டது. எப்போதையும்விடப் பெரிதாக. மாடசாமி உள்ளே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாலையெல்லாம் மாடும் ஆடும் மினி லாரியுமாக அடைத்துக்கொண்டதாம். அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் என்னவோ ஒன்று தளர்ந்தது. அப்பாவைப் பார்த்ததும் மறுபடி இறுகியது. கையெழுத்துப் போட்ட கையோடு கிளம்பிப் போனான்.

அன்றைய மாலை ஓட்டம் லிட்டருக்குப் பதிமூன்று புள்ளி இரண்டு. அதுவரை வந்ததிலேயே மோசமான எண்.

அடுத்த இரண்டு நாள் கார் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. மஞ்சுளாதான் வாசித்துச் சொன்னாள். பங்க்கின் மூன்றாம் பம்ப்பில் மாலையில் அளவு குறைவதாகக் கார் கம்பெனியின் புகார். வெள்ளிக்கிழமை காலை எடையளவு ஆபீசர் சோதனைக்கு வருகிறார். அதுவரை அந்த பம்ப்பை ஓட்டக்கூடாது. கூடவே டிரைவரின் வாக்குமூலம் ஒரு நகல். 'இரண்டு ஓட்டத்திலும் ஒரே சீராகத்தான் ஓட்டினேன்.' கீழே, தினமும் அவள் பில்லில் பார்க்கும் அதே கையெழுத்து. மா. மாடசாமி.

எழுத்துகள் மங்கின. அவள் குரல் மட்டும் நிற்காமல் வாசித்து முடித்தது.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாக எழுந்து போய் மூன்றாம் பம்ப்பின் குழாயைச் சுற்றி ஒரு சாக்கைக் கட்டினார். திரும்பி வந்தார்.

"இங்கியே நின்னுகினு சிரிச்சுப் பேசிகினு இருந்தவன்தானே..." என்றார். "அந்தக் காரு இனிமே இந்த வாசல்ல கால் வெக்கக் கூடாது."

செய்தி எப்படித்தான் போகுமோ! அன்று மாலையே கர்நாடக லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, டீசல் போடாமல், சாக்கு கட்டிய பம்ப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அளதெ கம்மி அந்தெ... ஹௌதா, கிருஷ்ணப்பா?"

அளவு குறைகிறதாமே, உண்மையா? பத்து வருடப் பழக்கம் உள்ளவர் அவர். அந்த லாரி காலி டேங்க்கோடு போய்விட்டது. அடுத்த நாள் இன்னும் நாலு லாரி நிற்காமல் போயின. சென்னப்பன் சும்மா உட்கார்ந்து துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வுடு பாப்பா. ஆபீசர் வந்து அளந்தா தெரிஞ்சிடும்."

"ஒருவேளை குறைஞ்சா அண்ணா? ஒரு அம்பது மில்லி... தேய்மானத்துல..."

"தெனம் நாமதான அளக்கறோம்?"

அளக்கிறோம்தான். ஆனாலும் அவள் கேனை எடுத்துக்கொண்டு போனாள். சாக்கை அவிழ்த்து ஐந்து லிட்டர் பிடித்தாள். கோட்டில் நின்றது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். கோட்டில் நின்றது. ஐந்தாவது தடவை பிடித்தபோது பெட்ரோல் புடவையில் தெறித்தது. பம்ப் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால்... யார் பொய்?

அறைக்குள் வந்து பில் புத்தகங்களை எடுத்தாள். கார்பன் நகல்கள். ஒவ்வொன்றிலும் அவள் கையால் எழுதிய நேரங்கள், கிளம்பியதும் வந்ததும். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தாள். காலையில் அந்தக் கார் சத்தமில்லாமல் வந்து நிற்கும். மாலையில்தான் ஊளை கேட்கும். மெதுவா மிதிச்சா சத்தமே வராது... அவனே சொன்னதுதான்! தினமும் அந்த ஊளையைக் காதால் குடித்தவள் அவள். ஒரு நாளும் யோசிக்கவில்லையே!

அப்பாவிடம் காட்டலாம். இப்போதே காட்டலாம். ஆனால் அப்பா என்ன கேட்பார்? 'மாலையில மட்டும் எதுக்கும்மா அவனுக்கு அவ்வளவு அவசரம்?' என்றுதானே...

அவளுக்கு அந்தப் பதில் தெரியாது. தெரிந்ததுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது. எல்லாம் அவளுடைய கற்பனையாகவும் இருக்கலாம். மாலையில் அவனுக்கு வேறு வேலை இருந்திருக்கலாம். ஓசூரில் யாராவது காத்திருந்திருக்கலாம்... அந்த நினைப்பு வந்ததும் புத்தகத்தை மூடினாள். மறுபடி திறந்தாள்.

வியாழக்கிழமை மதியம் வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு பில்லில் இருந்த கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தாள். யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, நெடுநேரம் கழித்து...

"ஹலோ?"

"சூளகிரி பங்க்."

அவன் பேசத் தொடங்கும் முன் அவள் பில் புத்தகத்தைத் திறந்தாள்.

"நீங்க பேச வேணாம். கேட்டா போதும். ஆறாம் தேதி. காலையில ஒம்பது அஞ்சுக்குக் கெளம்பி பதினொன்னு இருபத்தஞ்சுக்கு வந்திருக்கீங்க. ரெண்டு மணி இருபது நிமிஷம். மத்தியானம் மூணு மணிக்குக் கெளம்பி நாலு அம்பத்திரண்டுக்கு வந்திருக்கீங்க. ஏழாம் தேதி. காலையில ரெண்டு மணி பதினெட்டு நிமிஷம். சாயங்காலம் ஒரு மணி அம்பது. எட்டாம் தேதி..."

"போதும்..."

"எட்டாம் தேதி. சாயங்காலம் ஒரு மணி அம்பத்தி ஒண்ணு." அவள் குரல் உடைந்தது. "ஒரே காரு, ஒரே ரோடு. தெனம் அரை மணி நேரம் எங்க போச்சுங்க? உங்க கால் மாறாதுன்னு சொல்லி, எங்க அப்பா அளவு மாறிப்போச்சுன்னு கையெழுத்துப் போட்டீங்களே!"

போனுக்குள் எங்கோ தூரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. அது நின்றது. மறுபடி கேட்டது. அவள் காத்திருந்தாள். அவன் போனை வைத்துவிட்டானோ என்று இரண்டு தடவை பயந்தாள்.

"தர்மபுரியில திரும்புத வரைக்கும் அறுபதுலதான் போவேன்." கடைசியில் அவன் குரல் வந்தது. "திரும்புன பிறகு... வேக முள்ளைப் பாக்கவே மாட்டேன். கடியாரத்தத்தான் பாப்பேன். நீங்க நேரத்த வாசிக்குத வரைக்கும் இத நான் எனக்கே ஒத்துக்கிடல."

"எதுக்கு அவசரம்?"

மறுபடி அந்தச் சுத்தியல்.

"நாளைக்கு வருதேன்" என்றான். போன் அடங்கியது.

அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சொல்லவில்லையே... ஏன் சொல்லவில்லை?

வெள்ளிக்கிழமை. வானம் மூடியிருந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பித்தளைக் கேனைப் புளி போட்டுத் துலக்கி, மேசை மேல் வைத்திருந்தார். பத்து மணிக்கு ஆபீசர் வர வேண்டும். ஒன்பதரைக்கு டவுன் பஸ் ஒன்று நின்று போனது. அதிலிருந்து இறங்கி நடந்து வந்தான் மாடசாமி.

கார் இல்லாமல் அவனைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஏனோ உயரம் குறைந்தது போலத் தெரிந்தான். கையில் ஒரு கவர்.

அப்பா எழுந்தார். "வாசல்லயே நில்லுப்பா."

நின்றான். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கவரை நீட்டினான். அப்பா வாங்கவில்லை. சென்னப்பன் போய் வாங்கி மஞ்சுளாவிடம் கொடுத்தார். இதுவும் ஆங்கிலம். அவள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். கவரைப் பிரித்தாள்.

"'மாலை ஓட்டத்துல, திரும்பி வர்ற வழியில, நான் நூறு கிலோமீட்டர் வேகத்துல ஓட்டினேன். சூப்பர்சார்ஜர முழுசா உபயோகிச்சேன். மைலேஜ் குறைஞ்சது அதனாலதான். காருலயும் குறை இல்ல. மூணாம் பம்ப்போட அளவுலயும் குறை இல்ல. மேனேஜர் கேட்டப்ப உண்மைய மறைச்சது என் தப்பு.' அப்புறம்... புகார வாபஸ் வாங்கறதா மேனேஜர் கையெழுத்து இருக்குதுப்பா. ஆபீசருக்கும் ஒரு நகல் போயிருக்குது."

அப்பா கடிதத்தில் இருந்த கையெழுத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "உன் வேலை?" என்றார்.

"டிரைவர் வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்கய்யா. மெஷின் ஷாப்புல போட்டிருக்காங்க. இனிமே வேற ஆளு ஓட்டுவாரு. நேத்து சாயங்காலம் வேற பங்க்ல போட்டு, அறுபதுலயே ஓட்டிப் பாத்தாங்க. பதினாறு புள்ளி மூணு வந்துருக்கு." அவன் குரலில் லேசாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. "காரு பொழச்சிரும்யா."

"நீ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பா இரண்டு படி இறங்கி வந்தார். கோபம் குறைந்திருந்தது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி அவர் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. மஞ்சுளா அதைப் பார்த்தாள். கேட்காதீங்கப்பா... கேட்காதீங்க...

"ஏம்ப்பா, காலையில போறப்ப அறுபது. சாயங்காலம் வர்றப்ப நூறு. பொழப்பே போவற அளவுக்கு அப்படி என்ன அவசரம் உனக்கு?"

சாலையில் ஒரு டிரெய்லர் கடந்து போனது. அதன் பின்னால் ஒரு பஸ். தூறல் அவன் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. மாடசாமி தரையில் தான் போட்ட மஞ்சள் அடையாளங்களைப் பார்த்தான். 'வேறு வேலை இருந்தது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது இங்கேயே முடிந்துவிடும். அவன் அதைச் சொல்லிவிடுவானோ என்று அவள் பயந்தாள். சொல்லாமல் விட்டுவிடுவானோ என்று அதைவிடப் பயந்தாள்.

சென்னப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல இரண்டடி தள்ளிப் போனார்.

"ஐயா..." என்றான் மாடசாமி. அப்பாவைத்தான் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. "அறுபதுல வந்தா இங்க வந்து சேர அஞ்சு இருபது ஆயிரும். அஞ்சு மணிக்கு... உங்க மக வீட்டுக்குப் போயிருவாங்க."

அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மஞ்சுளாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. கடிதத்தை நாலாக மடித்தாள். அப்பா அவனைப் பார்த்தார். திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. பத்து வருடமாகக் கேனின் கழுத்துக் கோட்டைப் பார்க்கும்போது அவர் கண்கள் இப்படித்தான் இடுங்கும். அவசரப்பட மாட்டார். அசைந்த பெட்ரோல் அடங்கும் வரை காத்திருப்பார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட" என்றார் கடைசியில். "எழுதிக்குடுத்த பேப்பர்ல இது இல்லயே?"

"அது கம்பெனிக்கு எழுதினதுய்யா. இது உங்ககிட்ட சொல்ல வேண்டியது."

நெடுஞ்சாலையிலிருந்து ஒரு ஜீப் திரும்பி உள்ளே வந்தது. எடையளவு ஆபீசர். அப்பா சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். மேசை மேலிருந்த கேனை எடுத்துக்கொண்டார்.

"அதான் வாபஸ் வாங்கிட்டாங்களேண்ணா, ஆபீசர் எதுக்கு?" என்றார் சென்னப்பன்.

"வரட்டும். அளக்கட்டும். நாலு லாரிக்காரன் பாக்கட்டும்." அப்பா நடந்தார். நாலடி போனதும் நின்றார். திரும்பாமலே சொன்னார். "இது ஒரு மணி நேரமாவது ஆகும். அதுக்கப்புறம் உன் ஊரு, ஒறவு எல்லாம் கேக்கணும். இருப்பியா, இல்ல அவசரமா?"

"இருக்கேன்யா..." என்றான் மாடசாமி.

"மழையில நிக்காம உள்ள போய் நில்லு."

அவன் வாசல்படி ஏறி வந்து கதவோரமாக நின்றான். வெளியே ஜீப் கதவு சாத்தும் சத்தம். அப்பா யாருக்கோ வணக்கம் சொல்லும் சத்தம். சாக்கை அவிழ்க்கிறார்கள். மழை வலுத்தது.

அவள் மேசைக்கு இந்தப் பக்கம். அவன் கதவோரத்தில். இடையில் ஆறடி சிமென்ட் தரை. அவன் இமைகளில் மழை தங்கியிருந்தது. இன்றும் துடைத்துக்கொள்ளவில்லை. அவள்தான் மேசையிலிருந்த துண்டை எடுத்து நீட்டினாள். வாங்கினான். முகத்தைத் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"கோவம்தானே?" என்றான்.

"ஆமா."

"ரொம்பவா?"

"ரொம்ப." அவள் கண்களில் நீர் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் மறைக்க இன்று குடை இல்லை. "உங்க வேலையும் போச்சு, எங்க அப்பா ரெண்டு நாளா சோறு சாப்பிடல, இருபது குடும்பத்துக்கும் வயித்தக் கலக்கிட்டீங்க... இவ்வளவும் அந்தப் பத்து நிமிஷத்துக்காக. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

"என்னன்னு?"

வெளியே பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. கேனில் பெட்ரோல் விழுந்துகொண்டிருந்தது. அது நிரம்புவதை இப்போது அவள் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு மெலிந்து போனது.

"நீங்க அறுபதுலயே வந்திருக்கலாம்... நான் இருந்திருப்பேன்."